விற்ற பிறகு யார் பொறுப்பு?



இந்த மலரில் நட்பைப் பற்றிக் கட்டுரை வரும், அம்மாவைப் பற்றிக் கவிதை வரும், கடைசிப் பக்கத்தில் ஜோக்கும் வரும். நான் எழுத வந்திருப்பதோ பழைய கார் செட்டைப் பற்றி. சிரிக்காதீர்கள்! வண்டியில் மாட்டுகிற செட், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ஊஃபர் பாக்ஸ்... இவற்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, நாலு நாள் பாடி, ஐந்தாம் நாள் ஊமையாகி, வாங்கியவரும் விற்றவரும் சட்டையைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்காதவர் நம்மில் யார்?

லாரிக்கும் லாரி பாடி கட்டுவதற்கும் பேர் போனது நம் நாமக்கல் பக்கம். இங்கே வண்டி என்பது பலருக்குச் சோறு. வண்டியில் பாட்டு என்பது ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டுகிறவருக்குத் துணை. டூரிஸ்ட் வேன்காரருக்கு அது தொழிலின் ஒரு பகுதி. "செட்டு நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பழனிக்கு வேன் பேசுகிறார்கள். புது ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கை எட்டாதவர்தான் பழசு வாங்குகிறார். அது இறந்து போனால் அவருக்குப் போவது ஒரு வாரச் சம்பாத்தியம். ஆகவே இது வேடிக்கைச் சண்டை அல்ல.

இந்தச் சண்டையில் இரண்டு வசனங்கள்தான் எப்போதும். விற்றவர் சொல்வார்: "பழைய சாமானுக்கு ஏதுங்க கியாரண்டி? ஓட்டிக் காட்டித்தானே கொடுத்தேன்?" வாங்கியவர் சொல்வார்: "செத்த சாமானை எந்தலையில கட்டிட்டான்!" என் கருத்து இரண்டுமே பாதிதான் சரி என்பது. மீதிப் பாதி எங்கே இருக்கிறது? அதைத் தேடுவதுதான் இந்தக் கட்டுரை.

செத்த செட்டு சாட்சி சொல்லாது

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். ஒரு கடையில் 6,500 ரூபாய்க்குப் பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஊஃபரும் வாங்கினார். கடையில் மேஜை மேல் வைத்து ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். நன்றாகத்தான் பாடியது. வேனில் மாட்டி மூன்றாம் நாள், கோயில் டிரிப்பின் நடுவில், சிவப்பு லைட் எரிந்து அடங்கிவிட்டது. கடைக்குக் கொண்டு போனார். "நீங்க ஒயரை மாத்திக் கொடுத்திருப்பீங்க" என்றார்கள். வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் அதை ஒரு சாக்குப் பையில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, "பாப்பா, நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறயே, யார் மேல தப்புன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பவர் சப்ளைப் பகுதியில் மாஸ்ஃபெட்டுகள் கருகியிருந்தன. அதில் இரண்டின் மேல் அச்சாகியிருந்த எழுத்து மற்றவற்றோடு சேரவில்லை. கீழே கையால் சால்டர் வைத்த பழுப்பு நிற ஃபிளக்ஸ் துடைக்கப்படாமல் கிடந்தது. அதாவது ஏற்கெனவே ஒரு தடவை போய், யாரோ ரிப்பேர் செய்திருக்கிறார்கள். பாடியில் 30 ஆம்பியர் பியூஸ் என்று அச்சிட்டிருக்க, செருகியிருந்தது 40 ஆம்பியர். இதெல்லாம் கடைக்காரர் வாயைத் திறந்து சொல்லாத சங்கதிகள்.

சரி, தப்பு கடைக்காரர் மேல்தானே? அவசரப்படாதீர்கள்! வேனைப் போய்ப் பார்த்தேன். மாட்டிக் கொடுத்த வேறொரு மெக்கானிக், பேட்டரியிலிருந்து பின் சீட்டு வரைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைத்தான் இழுத்திருந்தார். 5 மீட்டர் நீளம், 25 ஆம்பியர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அந்த ஒரு ஒயரிலேயே ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் விழுந்துவிடும். அது போதாதென்று இரண்டு 4 ஓம் ஊஃபரையும் பேரலலாகச் சேர்த்து, ஆம்ப்ளிஃபயரை பிரிட்ஜ் முறையில் கொடுத்திருந்தார். பேரலலில் 2 ஓம். பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் பார்ப்பது அதில் பாதி, 1 ஓம். பிரிட்ஜில் 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று ஆம்ப்ளிஃபயரின் முதுகிலேயே எழுதியிருக்கிறது!

இப்போது சொல்லுங்கள், அதைக் கொன்றது யார்? பழைய ரிப்பேரா, பெரிய பியூஸா, 1 ஓமா? மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். எது கருகியது என்று மீட்டர் சொல்லும்; யாரால் கருகியது என்று எந்த மீட்டரும் சொல்லாது. அண்ணனுக்கு 6,500 ரூபாயும் போயிற்று, மாட்டின கூலியும் போயிற்று.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சீனியர் ஒருவர் தன்னுடைய செட்டை ஒரு லாரி டிரைவருக்கு விற்றார். அது 12 வோல்ட் செட். லாரியில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். நடுவில் கன்வெர்ட்டர் வைக்காமல் நேராகக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் நாலு பேர் ஹாஸ்டல் வாசலில்! அவர் பயந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். விற்கும்போது அந்த செட்டில் ஒரு குறையும் இல்லை என்று அவரோடு அறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டு உண்டா? இல்லை. ஆக, வாங்குகிறவர் மட்டுமல்ல, நேர்மையாக விற்கிறவரும் மாட்டிக்கொள்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் 1603-இல் ஒரு வழக்கு நடந்தது. சாண்டலர் என்ற பொற்கொல்லர், லோபஸ் என்பவருக்கு ஒரு கல்லை 100 பவுனுக்கு விற்றார். ஆட்டின் வயிற்றில் விளைவது, நஞ்சை முறிப்பது என்று அந்தக் காலத்தில் நம்பிய 'பெசோர்' கல் அது என்று சொல்லி விற்றார். கல் அது அல்ல. கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? "அப்படி என்று சொன்னால் மட்டும் போதாது, உத்தரவாதம் கொடுத்ததாக இருக்க வேண்டும்" என்று விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தது. வாங்குகிறவனே விழித்துக்கொள் என்பது அன்றைய நியாயம். "ஏதுங்க கியாரண்டி?" என்ற நம் கடைக்காரர் வசனத்துக்கு வயது 400-க்கு மேல்!

ஆனால் நம் நாட்டுச் சட்டம் அங்கேயே நிற்கவில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-வது பிரிவு இருக்கிறது. அந்த மாதிரிச் சரக்கையே தொழிலாக விற்கிறவர், இன்ன பொருள் என்று சொல்லி விற்றால், அது விற்பனைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்பது பேசாமலே ஏற்றுக்கொண்ட நிபந்தனை. சரக்கு என்று அந்தச் சட்டம் சொல்வதில் பழசு, புதுசு என்ற பிரிவினை கிடையாது. பழசுக்குப் பழசின் தரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே பிரிவில் ஒரு கொக்கியும் உண்டு. வாங்குகிறவர் சோதித்துப் பார்த்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பின்னால் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியும் கிழிந்த ஸ்பீக்கர் கோனுக்கு அழ முடியாது. உள்ளே ஒளிந்திருக்கும் பழைய ரிப்பேருக்கு வாய் உண்டு.

அடுத்தது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இது 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளைக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே கணக்கில்தான் வரும். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்று பில்லில் ரப்பர் ஸ்டாம்ப் அடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் கவனிக்க! சொந்தமாக வேன் ஓட்டிப் பிழைக்கிறவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது; 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கலாம்.

ஆனால் நண்பர்களே, இதெல்லாம் கடையில் வாங்கினால். ஹாஸ்டலில் நானும் நீங்களும் ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டால் நாம் வியாபாரி ஆகிவிடுவதில்லை. அங்கே உதவுவது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். தெரிந்த குறையை மறைத்து ஏமாற்றினால் அது மோசடி. ஆனால் சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால், பொதுவாக அது மட்டும் மோசடி ஆகாது. இதிலிருந்து என்ன தெரிகிறது? கேட்க வேண்டும்! "இதை யாராவது திறந்து ரிப்பேர் பண்ணியிருக்காங்களா?" என்று வாட்ஸ்அப்பிலாவது கேட்டுப் பதில் வாங்கி வைக்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருந்தாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்துதான் முட்டுகிறது. குறை விற்கும்போதே இருந்ததா, மாட்டிய பிறகு வந்ததா? ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் கருகிப்போன மாஸ்ஃபெட்டில் தேதி போட்டிருக்காதே!

நல்லவனும் கடையை மூடுவான்

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதை நம் பாஷையில் சொன்னால் இப்படி. எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பான். நல்ல வண்டி வைத்திருக்கிறவன் "இந்த விலைக்கு எதுக்குத் தர்றது?" என்று சந்தையை விட்டே விலகுவான். மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்தான்.

நம் பழைய செட்டுக் கடைகளில் நடப்பதும் இதுவேதான். சோதித்து, உள்ளே சுத்தம் செய்து, உலர்ந்த கெப்பாசிட்டரை மாற்றி விற்கிறவருக்கும், துணியால் துடைத்து மட்டும் விற்கிறவருக்கும் ஒரே விலை. அப்புறம் யார் மெனக்கெடுவார்கள்? ஒவ்வொரு சண்டையிலும் தோற்கிற மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர்தான் நேர்மையாக ரிப்பேர் செய்கிற மெக்கானிக். நாளைக்கு நம்மில் பலர் உட்காரப் போகிற நாற்காலி அது!

கறந்து பார்த்து வாங்கு

இதற்கு வழி அமெரிக்காவில் தேட வேண்டாம். எங்கள் வீட்டில் எருமையும் பசுவும் வளர்க்கிறோம். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனால் மாடு பார்ப்பதில் புலி. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்து வயது சொல்வார், நடக்க விட்டுக் காலைப் பார்ப்பார், சுழி பார்ப்பார். வீட்டில் இருக்கிற கறவை மாட்டை வாங்க யாராவது வந்தால் எப்படி நடக்கும்? சாயங்காலம் ஒரு தடவை, விடியற்காலை ஒரு தடவை, வாங்குகிறவரே உட்கார்ந்து கறந்து பார்ப்பார். ஒரு வேளைப் பாலை மட்டும் பார்த்தால் ஏமாறலாம், முந்தின வேளை கறக்காமல் விட்டு மடியைக் காட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு வேளை தொடர்ந்து கறந்தால் உண்மை வெளியே வந்துவிடும். அளவு இத்தனை லிட்டர் என்று நாலு பேர் முன்னால் பேசிக்கொள்வார்கள். அதற்கப்புறம் தீனி குறைத்துப் போட்டுப் பால் குறைந்தால் அது வாங்கியவர் பாடு.

பாருங்கள், எவ்வளவு நியாயமான ஏற்பாடு! விற்கிறவன் விற்கிற அன்றைக்கு இருந்த நிலைக்குப் பொறுப்பு. வாங்குகிறவன் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளும் முறைக்குப் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவது, எல்லோர் கண் முன்னாலும் நடக்கிற சோதனை. மாட்டுக்கு இருக்கிற இந்த மரியாதை ஆம்ப்ளிஃபயருக்குக் கிடையாதா? கடையில் மெதுவாக வைத்து ஒரே ஒரு பாட்டுப் போட்டுக் காட்டுவது, கறக்காமல் விட்ட மடியைக் காட்டுவது போலத்தான். மேஜையில் பாடுவது வேறு, குலுங்குகிற ரோட்டில் முழுச் சுமையில் பாடுவது வேறு.

ஆகவே நான் சொல்வது இதுதான். பழைய செட்டு எது விற்றாலும் அரை மணி நேரச் சோதனையும் ஒரு சீட்டும் கூடவே போக வேண்டும். சீட்டில் எழுத வேண்டியவை அதிகமில்லை.

ஒன்று, மாடல் பெயரும் சீரியல் எண்ணும். மூடித் திருகின் மேல் ஒரு பொட்டுப் பெயின்ட். திறந்தால் தெரிந்துவிடும்.

இரண்டு, ஏற்கெனவே ரிப்பேர் ஆனதா, ஆனால் என்ன மாற்றியது.

மூன்று, பியூஸ் அளவு. இதில் ஒரு ரகசியமும் இருக்கிறது. அட்டையில் 1,000 வாட்ஸ் என்று போட்டிருக்கும், பியூஸ் 30 ஆம்பியராக இருக்கும். 13.8 வோல்ட்டை 30-ஆல் பெருக்கினால் உள்ளே போவதே 414 வாட்ஸ்! சாதாரண கிளாஸ் ஏபி வகை என்றால் அதிலும் ஏறக்குறைய பாதி சூடாகவே போய்விடும். தொடர்ந்து 1,000 வாட்ஸ் எங்கிருந்து வரும்? சண்டையில் பாதி இந்தப் பொய் வாட்ஸிலிருந்துதான் கிளம்புகிறது.

நான்கு, 13.8 வோல்ட்டில், சொன்ன ஓம் லோடில், எல்லாச் சேனலிலும் அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் ஓடியது என்ற குறிப்பு. ஸ்பீக்கர் வெளியே டி.சி. வோல்ட் எத்தனை மில்லிவோல்ட் என்ற குறிப்பு. ஸ்பீக்கராக இருந்தால் காயிலின் ரெசிஸ்டன்ஸ்; 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 4-க்குக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், அதைப் பார்த்துச் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஐந்து, 12 வோல்ட் வண்டிக்கு மட்டும், இத்தனை ஓமுக்குக் குறையக் கூடாது, இந்தத் தடிமனுக்குக் குறைந்த ஒயர் ஆகாது என்ற எச்சரிக்கை.

ஆறு, எத்தனை நாள் பொறுப்பு. ஏழு நாளோ, முப்பது நாளோ, பேசி எழுதிக்கொள்ளட்டும். விற்றவரே மாட்டிக் கொடுத்தால் முழுப் பொறுப்பும் அவருடையது. வேறு இடத்தில் மாட்டினால் பெயின்ட் பொட்டு கலையாமலும், சொன்ன ஓமும் சொன்ன பியூஸும் மாறாமலும் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்து. முடிந்தது!

இதை ஒரு கடை மாஸ்டரிடம் சொன்னேன். "ஏம்மா, ஒவ்வொண்ணுக்கும் அரை மணி நேரம் உக்காந்தா நான் யாவாரம் பண்றதா, பரீட்சை எழுதறதா?" என்று சிரித்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. வாடகை, கரண்ட் பில் எல்லாம் அவருக்கு உண்டு. ஆனால் ஒரு சண்டைக்கு எத்தனை அரை மணி நேரம் போகிறது? கடை வாசலில் கூட்டம் கூடினால் அன்றைக்கு வருகிற புது வாடிக்கையாளர் எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள்? அதையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டாமா? வேண்டுமானால் சோதனைக்கென்று 100 ரூபாய் கூடுதலாக வாங்கட்டும். சீட்டோடு கூடிய செட்டுக்கு விலையும் கூடக் கிடைக்கும். அகர்லாஃப் சொன்ன நோய்க்கு இதுதானே மருந்து?

நம் வாயே கியாரண்டி

கடைசியாக நம்மைப் பற்றி. நம் காலேஜில் என்னைப் போல வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் நிறையப் பேர். எங்கள் வீட்டுக்கு வரும் பில், நோட்டீஸ், கம்பெனிக் காகிதம் எல்லாம் முதல் முதலில் படிக்கிறது நான்தான். ஊரில் என்ன சொல்கிறார்கள்? "கண்ணு, நீ படிச்ச புள்ள, நீ நல்லா இருக்குதுன்னு சொன்னா வாங்கிக்கறேன்." அந்தப் பெரியவர் கடைக்காரரை நம்பவில்லை, சட்டத்தை நம்பவில்லை, பில்லைப் படிக்க அவருக்குத் தெரியாது. நம் வாயைத்தான் கியாரண்டியாக எடுத்துக்கொள்கிறார். இதை விடப் பெரிய பொறுப்பு வேறு உண்டா?

அதே சமயம் கடைகளில் சாயங்கால வேலைக்குப் போகும் நம் மாணவர்களையும் நினைத்துப் பாருங்கள். முதலாளி விற்பார், பணத்தை எண்ணுவார். செட்டு நின்றுபோனால் "அந்தப் பையன்தான் செக் பண்ணினான்" என்று கையைக் காட்டுவார். திட்டு வாங்குவது நம் பையன். சீட்டில் அளவு எழுதியிருந்தால் அவன் தலை நிமிர்ந்து பேசலாம். வெறும் வாயால் "நல்லா இருக்கு" என்று சொன்னவன் என்ன பேசுவான்?

ஆகவே மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர் மேற்பார்வையில், நம் லேபில் பவர் சப்ளையையும் டம்மி லோடையும் வைத்து, ஊர்க்காரர்கள் கொண்டுவருகிற பழைய செட்டுகளைச் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுப்போம். தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. அளந்ததை அளந்தபடி எழுதுவது மட்டும்தான் நம் வேலை. நமக்கும் அது பாடம், அவர்களுக்கும் அது பாதுகாப்பு. இதற்கு நிதி வேண்டாம், கட்டடம் வேண்டாம். மனசு இருந்தால் போதும்.

நண்பர்களே! டிப்ளமோ என்பது சுவரில் மாட்டுகிற காகிதம் மட்டும் அல்ல. "நல்லா இருக்குதா?" என்று யாராவது நம்மிடம் கேட்டால், தலையை ஆட்டாமல், "இருங்க, மீட்டரை எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லும் பழக்கம்தான் படிப்பு. சண்டை போட்டு நியாயம் தேடுவதை விட, விற்கும்போதே நியாயத்தை எழுதி வைப்பது எளிது. சிந்திப்போம், செய்து காட்டுவோம்!

- மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை